இந்தப் பள்ளம் யாருடையது? லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் புகார் கொடுக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

ஊரில் ரோடு பள்ளமாக இருந்தாலும் கவுன்சிலரைத் திட்டுவோம், தெருவிளக்கு எரியாவிட்டாலும் அவரையேதான் திட்டுவோம், ஆள் ஒருவர் என்பதால் திட்டுவது சுலபம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் அந்த வசதி இல்லை. நம்மூர் மாவட்டம் மாதிரியான இந்த ஒரு கவுண்டிக்குள் 88 நகரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நகரசபை. இந்த 88-இல் எதிலும் சேராமல் நடுநடுவே கிடக்கும் பகுதிகளில் சுமார் பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேயர் கிடையாது, நகரசபை கிடையாது, ரோடு போடுவதிலிருந்து தெருநாயைப் பிடிப்பது வரை கவுண்டிதான் பார்க்க வேண்டும். புகார் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, யாரிடம் கொடுத்தீர்கள் என்பதுதான். பாதிக்குமேல் தப்பான கதவைத்தான் தட்டியிருப்பார்கள்.

இதற்குக் காரணம் தபால் முகவரி. கவர் மேல் எழுதும் ஊர்ப்பெயர் தபால்காரரின் வசதிக்காக வைத்தது, அதற்கும் எல்லைக்கோட்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் என்று பெயரிலேயே ஊர் இருக்கிறது, ஆனால் அது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் இல்லை, கவுண்டிப் பகுதி. ஹசியெண்டா ஹைட்ஸ், ரோலண்ட் ஹைட்ஸ், ஆல்டடீனா எல்லாம் தனி நகரம் மாதிரி ஒலிக்கும், எதுவும் நகரமில்லை. சவுத் விட்டியரில் இருப்பவர் முகவரியில் விட்டியர் என்றே எழுதிக்கொள்கிறார், விட்டியர் நகரசபைக்குப் போன் செய்தால் நீங்கள் எங்கள் ஆள் இல்லை என்பார்கள். நமக்குப் புரிகிற உதாரணம் வேண்டுமென்றால் மாலிபு கோவில் என்று நாம் சொல்லும் இந்துக் கோவிலையே எடுத்துக்கொள்ளுங்கள், வருஷக்கணக்காகப் போய் வருகிறோம், அதன் முகவரியில் இருக்கும் ஊர் கலபாசஸ். ஆகவே ஏதாவது புகார் எழுதுவதற்கு முன்னால் உங்கள் முகவரி நகரத்துக்குள்ளா, கவுண்டிப் பகுதியா என்று கவுண்டியின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், எல்லைக்கோடு தெருவின் நடுவிலேயே போகும் இடங்களும் உண்டு.

311 என்று அடித்தால் எல்லாருக்கும் கிடைக்கும் என்பது இன்னொரு நினைப்பு. அது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் எண். கவுண்டிப் பகுதியில் ரோடு, சாக்கடை, வெள்ளம் போன்ற அவசரத்துக்குக் கவுண்டி பொதுப்பணித் துறையின் எண் 1-800-675-4357, இரவிலும் எடுப்பார்கள். அவசரமில்லாத புகாரை இணையத்தில் பதிவது நல்லது, ஏனென்றால் அதில் ஒரு புகார் எண் கிடைக்கும். அந்த எண் இல்லாத புகார், என்னைக் கேட்டால், புகாரே இல்லை.

இந்தப் புகார் எண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், பள்ளத்தில் இறங்கி டயர் கிழிந்து ரிம் வளைந்தால் கலிபோர்னியாவில் அரசிடம் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் ரோடு ஆபத்தாக இருப்பது அந்த அலுவலகத்துக்கு முன்பே தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்று காட்டியாக வேண்டும். யாராவது முன்பே முறையாகப் பதிந்திருந்தால்தான் அதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கும். நாம் என்ன செய்கிறோம்? பள்ளத்தைப் படம் எடுத்து அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம், நாற்பது பேர் கோபமுகம் வைக்கிறார்கள், அலுவலகத்துக்கு ஒருவரும் சொல்வதில்லை. அப்புறம் யாருக்கோ டயர் போகிறது, எங்களுக்குத் தெரியாது என்று பதில் வருகிறது.

நஷ்டஈட்டில் கெடு முக்கியம். கார் சேதம், உடல் காயம் போன்றவற்றுக்கு ஆறு மாதத்துக்குள் கோரிக்கை போட்டாக வேண்டும், தனியார் மேல் வழக்குப் போட வருஷக்கணக்கில் நேரம் இருப்பதை மனதில் வைத்துக்கொண்டு இங்கே அசந்துவிடக் கூடாது. கோரிக்கைக்கு அந்த அலுவலகம் பதில் சொல்ல 45 நாள். நானே இதில் மாட்டியிருக்கிறேன். டயர் கிழிந்த கோபம் ஆறி, பில்லைத் தேடி எடுத்து, படிவம் நிரப்பி அனுப்பவே மூன்றரை மாதம் ஆகிவிட்டது. அனுப்பியது தப்பான அலுவலகம். அந்தச் சாலை எங்களுடையது அல்ல என்று ஒற்றை வரிக் கடிதம் வந்தபோது கணக்குப் பார்த்தால் மூன்று வாரம்கூட மிச்சமில்லை. திரும்பப் போய்ப் பார்த்தேன், பள்ளம் இருந்தது ஃப்ரீவேயில் ஏறும் சரிவில், நான் தெருப் பெயரை எழுதியிருந்தேன். ஃப்ரீவேயும் அதில் ஏறி இறங்கும் சரிவும் கவுண்டிப் பகுதிக்குள்ளே ஓடினாலும் மாநிலத்துடையது, மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸ்தான் பார்க்கும். பசிபிக் கோஸ்ட் ஹைவேயும் அப்படித்தான், பார்க்கச் சாதாரணக் கடற்கரை ரோடு மாதிரி இருக்கும். கவுண்டி மேல் கோரிக்கை என்றால் அதைப் பொதுப்பணித் துறையிடம் அல்ல, கவுண்டியை நிர்வகிக்கும் சூப்பர்வைசர்கள் குழுவின் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பள்ளத்தை மூடச் சொல்லிப் புகார் கொடுப்பது வேறு, பணம் கேட்டுக் கோரிக்கை போடுவது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் ஆகிவிட்டது என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். படம் எடுக்கும்போது பள்ளத்தை மட்டும் எடுக்காமல் பக்கத்துக் கடைப் பலகை, குறுக்குத் தெருப் பெயர் எல்லாம் தெரிகிற மாதிரி இன்னொன்றும் எடுங்கள். "லைப்ரரி பக்கத்தில்" என்று எழுதினால் எவராலும் தேட முடியாது.

வீட்டு வாசலுக்கு வருவோம். நடைபாதை அரசுடையது, வெடித்தால் அவர்களே சரி செய்வார்கள் என்று நினைக்கிறோம். கலிபோர்னியாச் சட்டப்படி வீட்டுக்கு முன்னால் ஓடும் நடைபாதையைப் பராமரிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, சில ஊர்கள் தாங்களே செலவை ஏற்பதும் உண்டு, அதனால் சிமெண்ட் பூசுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். அதே நடைபாதை ஓரத்து மரம் பெரும்பாலும் உங்களுடையது இல்லை. உங்கள் வீட்டு முன்னால்தான் நிற்கிறது, இலையெல்லாம் உங்கள் வாசலில்தான் கொட்டுகிறது, ஆனாலும் அனுமதி இல்லாமல் வெட்டினால் அபராதம் வரும். விளக்குக் கம்பமும் அப்படியே, கவுண்டிப் பகுதியில் பல கம்பங்கள் எடிசன் மின் நிறுவனத்துடையவை. கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

கழிவறை அடைத்துக்கொண்டால் நேராகப் பிளம்பரைக் கூப்பிடுவது காசு போகிற தவறு. வீட்டிலிருந்து தெருவிலுள்ள பெரிய குழாய் வரை போகிற குழாய் உங்களுடையது, பெரிய குழாய் அரசுடையது. வீட்டில் ஒரே ஒரு இடத்தில் அடைப்பு என்றால் பிளம்பர்தான். எல்லா இடத்திலும் சேர்ந்து பின்னுக்கு வந்தால் முதலில் சாக்கடைப் பராமரிப்பு எண்ணைக் கூப்பிடுங்கள், தெருக்குழாயை வந்து பார்த்துவிட்டுச் சொல்வார்கள். அடைப்பு அவர்கள் பக்கம் என்றால் நீங்கள் பிளம்பருக்குத் தண்டம் அழ வேண்டாம்.

தெரு ஓரத்தில் இருக்கும் மழைநீர் வடிகாலைச் சாக்கடை என்று நினைத்து அரிசி மாவு கழுவிய தண்ணீர் முதல் பெயிண்ட் பிரஷ் கழுவிய தண்ணீர் வரை ஊற்றுகிறோம். இங்கே இரண்டும் தனித்தனிக் குழாய். சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும், வடிகால் நேராகக் கடலுக்குப் போகும். மீந்த பெயிண்ட், கார் ஆயில், பேட்டரி, டியூப்லைட் எதையும் குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, இவற்றுக்கென வாங்கிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன, வீட்டுக்காரர்களுக்கு இலவசம். ஒரு தடவைக்கு 15 காலன் அல்லது 125 பவுண்டுக்கு மேல் காரில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, இரண்டு டப்பாவில் இருப்பதை ஒன்றாகக் கலக்கவும் கூடாது. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் அப்பா அம்மா இன்சுலின் போடுகிறவர்கள் என்றால் இதையும் சொல்லிவையுங்கள்: வீட்டு ஊசிகளைக் குப்பையில் போடுவது கலிபோர்னியாவில் 2008 முதல் தடை. அம்மா பழக்க தோஷத்தில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடித் தொட்டியில் வைத்துவிடுவார். மருந்துக்கடையில் அதற்கென்று சிவப்பு டப்பா விற்கிறார்கள்.

தோட்டத்தில் கறிவேப்பிலை நட ஒரு சின்னக் குழி தோண்டுவதற்குக்கூட, மண்ணுக்கடியில் குழாயும் கம்பியும் போகும் இடத்தைக் காட்டும் 811-க்குச் சொல்ல வேண்டுமா என்று சிரிப்பார்கள். தொட்டியில் வைத்தால் வேண்டாம், தரையில் மண்வெட்டி போட்டால் வேண்டும். குறைந்தது இரண்டு வேலை நாள் முன்பே சொல்லுங்கள், இலவசமாக வந்து தரையில் கோடு போட்டுப் போவார்கள். மஞ்சள் கோடு கேஸ், சிவப்பு கரண்ட், நீலம் குடிநீர், பச்சை சாக்கடை, ஆரஞ்சு டெலிபோன் மற்றும் இன்டர்நெட்.

இனி நாய் பூனை விஷயம். இங்கே குழப்பம் ரோட்டைவிட அதிகம். கவுண்டியின் விலங்குப் பராமரிப்புத் துறைக்கு ஏழு காப்பகங்கள் இருக்கின்றன, அவை கவுண்டிப் பகுதிக்கும் அவர்களோடு ஒப்பந்தம் போட்ட நகரங்களுக்கும். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு அதன் சொந்தத் துறை, லாங் பீச்சுக்கு அதனுடையது, பாசடீனாவுக்கு பாசடீனா ஹியூமேன் என்ற விலங்கு நல அமைப்பு. டவுனியில் கவுண்டிக் காப்பகம் ஒன்று இருக்கிறது, அதே டவுனியில் தென்கிழக்கு நகரங்கள் சில சேர்ந்து நடத்தும் இன்னொரு காப்பகமும் இருக்கிறது. நாய் காணோம் என்று ஒன்றில் போய்ப் பார்த்து, இல்லை என்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தால், அது சில மைல் தள்ளி அடுத்த காப்பகத்தில் உட்கார்ந்திருக்கலாம். நாய்க்கு எல்லைக்கோடு தெரியாது. பக்கத்திலுள்ள எல்லாக் காப்பகங்களுக்கும் நேரில் போங்கள், போன் போதாது. நீங்கள் பழுப்பு என்பதை அவர்கள் சிவப்பு என்று எழுதியிருப்பார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் மன்னிக்க முடியாத தவறு. மாநிலச் சட்டப்படி தெருவில் பிடித்த நாயைக் காப்பகம் ஆறு வேலை நாள் வைத்திருக்க வேண்டும், மாலையிலோ வார இறுதியிலோ திறந்திருக்கும் இடமென்றால் நான்கு வேலை நாள் போதும். அதற்குப்பிறகு வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம், அதைவிட மோசமாகவும் நடக்கலாம். நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் ஒரு நிமிடம் யோசியுங்கள், அந்தச் சிப்பில் இருப்பது வெறும் எண். அது யாருடைய எண் என்று பதிவேட்டில் உங்கள் இப்போதைய போன் நம்பர் இருந்தால்தான் பிரயோஜனம். சென்னையிலிருந்து நாயைக் கூட்டி வந்தவர்கள் அங்கே போட்ட சிப்பை இங்குள்ள பதிவேட்டில் சேர்க்காமலே விட்டுவிடுகிறார்கள். கவுண்டிப் பகுதியில் நான்கு மாதம் தாண்டிய நாய்க்கு லைசென்ஸும் வெறிநோய்த் தடுப்பூசியும் சிப்பும் கட்டாயம், லைசென்ஸ் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்.

நாய் கடித்துவிட்டால் நம் வழக்கம், தெரிந்தவர் வீட்டு நாய், பிறந்தநாள் விருந்து, எதற்குப் புகார் என்று மஞ்சள் தடவி விடுவது. இங்கே கடியைத் தெரிவிப்பது சட்டப்படி கடமை. தெரிவித்தால் நாயைக் கொன்றுவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம், பத்து நாள் தனியே வைத்துக் கவனிப்பார்கள், தடுப்பூசி போட்ட நாயென்றால் பெரும்பாலும் சொந்த வீட்டிலேயே. வௌவால் விஷயம் இதைவிடத் தீவிரம். காலையில் எழுந்து பார்த்தால் படுக்கையறையில் வௌவால் என்றால் துடைப்பத்தால் வெளியே தள்ளிவிடாதீர்கள், கையாலும் தொடாதீர்கள். அதன் பல் அவ்வளவு சின்னது, தூக்கத்தில் கடித்தது தெரியாமலே போகும். கதவைச் சாத்திவிட்டு விலங்குத் துறையைக் கூப்பிடுங்கள், அதைப் பிடித்துச் சோதித்தால்தான் உங்களுக்கு ஊசி வேண்டுமா என்று தெரியும்.

நரி மாதிரியான கயோட்டி தெருவில் நடந்து போனதற்கெல்லாம் யாரும் வந்து பிடித்துப் போக மாட்டார்கள், அடிபட்டதோ நோய்ப்பட்டதோ மனிதர் மேல் பாய்வதோ என்றால்தான் வருவார்கள். பிடித்து வேறு காட்டில் விடுவதற்கும் மாநிலச் சட்டம் இடம் தராது. பின்வாசலில் காக்காய்க்குச் சோறு வைக்கும் பழக்கம் இருந்தால் கயோட்டியும் அதைத் தேடித்தான் வரும், இதை எங்கள் வீட்டில் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு அமாவாசை முழுக்க ஆனது. வசந்த காலத்தில் புதருக்குள் பூனைக்குட்டிகள் தனியாகக் கிடந்தால் உடனே அள்ளிக்கொண்டு காப்பகத்துக்கு ஓடாதீர்கள், தாய் இரை தேடப் போயிருக்கும். சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். குட்டிகள் சுத்தமாக, வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தால் அவை அனாதைகள் இல்லை.