தஞ்ச வழக்குக்குக் காத்திருக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு: வீட்டாருக்குத் தவணை சொல்லாதீர்கள்

வன்னியிலிருந்து புறப்படும் பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும், வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர்மார் சொல்வது ஒன்றுதான்: லண்டனில் இறங்கித் தஞ்சம் கேட்டால் ஆறு மாதத்தில் முடிவு வந்துவிடும். சிக்கலில்லாத வழக்குகளுக்கு ஆறு மாதத்தில் முடிவு சொல்வதென்று பிரித்தானிய உள்துறை அமைச்சு 2014 இல் ஓர் இலக்கு வைத்தது உண்மை. 2019 இல் அதைக் கைவிட்டுவிட்டது என்பதும் உண்மை. ஆனால் இந்த இரண்டாவது உண்மையை எங்கள் சனத்துக்கு ஒருவரும் சொல்வதில்லை. 2023 யூன் மாத முடிவில் முதல் முடிவுக்காக மட்டும் 175,000 பேருக்கு மேல் காத்திருந்தார்கள். பின்னர் அந்த வரிசை குறைந்தாலும், ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர்கள் நான் அறிந்த கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகளிலேயே பலர் இருக்கிறார்கள். மறுக்கப்பட்டு மேன்முறையீட்டுக்குப் போனவர்களின் காலம் அதற்கும் மேல் நீண்டது.

ஆறு மாதம் கடந்த பின், முடிவை எப்போது எதிர்பார்க்கலாம் என்று நீங்கள் எழுத்தில் கேட்டால் அமைச்சு பதில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலில் குறிப்பிடும் நாளுக்குள் முடிவு தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் எரித்திரியப் பையனுக்கோ சிரியாக்காரருக்கோ முந்தி முடிவு வந்தால் மனம் நோகாதீர்கள். 2023 இல் ஆப்கானிஸ்தான், எரித்திரியா, லிபியா, சிரியா, யேமன் ஆகிய நாட்டவரின் வழக்குகளைக் கேள்விக்கொத்து வழியாக விரைவாக முடிக்கும் முறை ஒன்று தொடங்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை.

நடைமுறைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் கைரேகையும் சிறிய நேர்காணலும் நடக்கும், பெரும்பாலும் லண்டன் குறோய்டனில். பிறகு பதிவு அட்டை வரும். தங்குமிடம் கேட்டால் அவர்கள் அனுப்பும் ஊருக்குத்தான் போக வேண்டும். கைச்செலவுக்குக் கிடைப்பது வாரத்துக்கு 50 பவுணுக்கும் குறைவு. சாப்பாடு தரும் விடுதியென்றால் 10 பவுண்கூட இல்லை. வேலை செய்ய அனுமதியில்லை. 12 மாதம் கடந்தும் உங்கள் தவறில்லாமல் முடிவு தாமதமானால் அனுமதி கேட்கலாம். அதுவும் அரசு பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டுமே.

இந்த வருமானத்தையும் ஊரில் விசுவமடுவில் எடுத்த மீற்றர் வட்டிக் கடனையும் (தனியாரிடம் கடும் வட்டிக்கு வாங்கும் கடன்) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் சின்னம்மாவின் மகனைக் கவிழ்த்தது அதுதான். தாலிக்கொடி தவிர்ந்த நகையெல்லாம் அடைவில் இருந்தது. காணி அனுமதிப்பத்திரம் வட்டிக்காரரின் அலுமாரியில் இருந்தது. நூற்றுக்கு ஐந்து வட்டி மாதந்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. ஆறு மாதத்தில் விசா, அடுத்த மாதம் வேலை, ஒரு வருடத்தில் கடன் தீரும் என்று வீட்டில் கணக்குப் போட்டிருந்தார்கள். ஏழாம் மாதம் வட்டிக்காரர் படலையடியில் வந்து நின்றார். சின்னம்மா அழுது அனுப்பிய குரற்பதிவைக் கேட்ட பிள்ளை, வட இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் அமைச்சு கொடுத்திருந்த வீட்டை விட்டு, ஒருவருக்கும் அறிவிக்காமல் லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். சட்டமில்லாத வேலை என்பதால் முதலாளி கொடுத்ததே கூலி.

வழக்கை விரிவாகக் கேட்கும் பெரிய நேர்காணலுக்கான கடிதம் மிடில்ஸ்பரோவுக்குத்தான் போனது. எங்கள் வழக்கப்படி தகப்பனின் பெயர் கடிதங்களில் முன்னுக்கும் பின்னுக்குமாக மாறி வருவது உங்களுக்குத் தெரியும். உறையில் பெரிதாக இருந்தது தகப்பனின் பெயர். அவனைச் செல்லப் பெயரால் மட்டுமே அறிந்திருந்த வீட்டுப் பையன்கள், யாரோ பழைய ஆளின் கடிதமென்று அதை வாசலருகே விளம்பரத் தாள்களோடு போட்டுவிட்டார்கள். நேர்காணலுக்குப் போகாததால் வழக்கைத் தானாகவே விலக்கிக்கொண்டவனாக அவனைக் கணக்கில் எடுத்தார்கள். மறுப்புக் கடிதம் வந்தால் மேன்முறையீடு செய்யலாம். இப்படி விலக்கப்பட்ட வழக்குக்கு அந்த உரிமையும் கிடையாது. உதவிப்பணமும் நின்றது. சட்டத்தரணி பலமுறை எழுதி வழக்கை மீண்டும் திறப்பித்தார் என்றாலும், மாதக்கணக்கான காத்திருப்பு வீணானது. 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து உயிரோடு வெளியே வந்த ஒரு பிள்ளையின் வழக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்காமலே மூடப்பட்டதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, வந்திறங்கிய முதல் வாரத்திலேயே வீட்டாரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: எப்போது முடியும் என்று தெரியாது, இரண்டு வருடமென்று வைத்துக்கொண்டு கடனை ஒழுங்குசெய்யுங்கள் என்று. நகையை மீட்க முடியாவிட்டாலும், மீற்றர் வட்டியை வங்கிக் கடனாகவோ கூட்டுறவுச் சங்கக் கடனாகவோ மாற்ற முடியுமா என்று அவர்கள் அப்போதே பார்க்கட்டும். இன்னும் புறப்படாதவர்கள் இந்தக் கணக்கை ஊரிலேயே போட வேண்டும். இடம் மாறத்தான் வேண்டுமென்றால், மாறுவதற்கு முன் சட்டத்தரணியிடம் பேசுங்கள்; புதிய விலாசத்தை அமைச்சுக்கும் சட்டத்தரணிக்கும் தனித்தனியாக எழுத்தில் அறிவித்து, அனுப்பியதற்கான சான்றை வைத்திருங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் உங்கள் முழுப் பெயரையும் தகப்பனின் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் கைக்கு வரக்கூடிய பத்திரங்களைச் சேருங்கள்: செஞ்சிலுவைச் சங்க அட்டை, போர் முடிவில் சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தந்த அடையாளப் பத்திரம், இயக்கத்தில் இருந்தவர்களைப் புனர்வாழ்வு முடிந்து விடுவித்தபோது கொடுத்த சான்றிதழ், மரணச் சான்றிதழ்கள். உடலில் தழும்பு இருந்தால் மருத்துவ அறிக்கை பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஆனால் இவற்றுக்காகத் தாயையோ தங்கையையோ பொலிசுக்கோ படைமுகாமுக்கோ அனுப்பாதீர்கள். வீட்டில் இருப்பது போதும்.

தாமதம் மிக நீண்டால், நீங்கள் வசிக்கும் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேட்கலாம். வாக்குரிமை இல்லாதவரென்றாலும் உங்களுக்காக அவர் அமைச்சிடம் விசாரிக்க முடியும். அதற்கும் அசையாவிட்டால், நீதிமன்றம் போவோம் என்ற முன்னறிவித்தலை அனுப்புவது பற்றிச் சட்டத்தரணி உங்களுக்குச் சொல்வார்.