கருக்கலைப்பு வாக்கெடுப்பு: முடிவு யார் கையில் என்று பார்ப்பது எப்படி?

2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு நாடு முழுக்க அரசமைப்பு உரிமை என்று சொன்ன 1973-ன் ரோ தீர்ப்பை ரத்து செய்தது. இனி இதை மக்களும் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. அதனால் எல்லா நீதிமன்றங்களும் ஒதுங்கிவிட்டன என்று நினைத்தால் தப்பு; மாநில நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஒரு மாநிலத்தில் வாக்கெடுப்பு வருகிறதென்றால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

முதலில் மக்களே மனு போட்டுக் கேள்வியை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர வழி இருக்கிறதா என்று பாருங்கள். டெக்சஸில் மக்கள் கையெழுத்துத் திரட்டி அரசமைப்பைத் திருத்த முடியாது. முடிகிற மாநிலங்களிலும் கையெழுத்து எண்ணிக்கை மட்டும் போதாது. 2024-ல் ஆர்கன்சாவில் தேவைப்பட்டது 90,704. வந்தது ஒரு லட்சத்துக்கும் மேல். ஆனால் கூலிக்குக் கையெழுத்து வாங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததற்கான தாள் முறையாகச் சேரவில்லை என்று மனு திரும்பியது. மாநில உச்ச நீதிமன்றமும் 4–3 கணக்கில் அதையே உறுதிசெய்தது. கேள்வி வாக்காளரின் கைக்கே வரவில்லை.

அடுத்து ‘ஆம்’, ‘இல்லை’. பலர் வழுக்கி விழுவது இங்கேதான். கேன்சஸ் மாநில அரசமைப்பு கருக்கலைப்பு உரிமையைக் காக்கிறது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. 2022 ஆகஸ்ட் 2-ல் வந்த திருத்தம் அந்தப் பாதுகாப்பை நீக்குவதற்கானது. அதாவது, உரிமை வேண்டும் என்பவர் ‘இல்லை’ போட வேண்டும். வேண்டாம் என்பவர் ‘ஆம்’ போட வேண்டும். சுமார் 59 சதவீதம் பேர் ‘இல்லை’ என்றார்கள். ஒரு தாளில் இரண்டே வரி எழுதுங்கள்: ‘ஆம்’ ஜெயித்தால் எந்தச் சட்டம் நிற்கும்? ‘இல்லை’ ஜெயித்தால் எது நிற்கும்? துண்டுப் பிரசுரத்தை வைத்து இதை எழுதாதீர்கள், திருத்தத்தின் முழு வாசகத்தை வைத்து எழுதுங்கள்.

ஒரே சீட்டில் இரண்டு திருத்தங்கள் மோதினால் இந்தத் தாள் இன்னும் அவசியம். 2024-ல் நெப்ராஸ்காவில் அப்படித்தான் நடந்தது. ஜெயித்தது, முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு விதிவிலக்குகளோடு தடை போடும் திருத்தம். அந்த முதல் மூன்று மாதத்துக்கு அது எந்த உத்தரவாதமும் தரவில்லை. வாசகத்தில் இல்லாததையும் தேடிப் படிக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

எத்தனை சதவீதம் வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடாவில் 2024-ல் 57 சதவீத ஆதரவு இருந்தும் திருத்தம் தோற்றது. அங்கே 60 வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த 60 சதவீத விதியே 2006-ல் 58-க்கும் குறைவான ஆதரவில்தான் நிறைவேறியது. ஒஹாயோவில் இதே 60-ஐக் கொண்டுவரப் பார்த்தார்கள். 2023 ஆகஸ்டில் வாக்காளர்கள் மறுத்தார்கள். நவம்பரில் கருக்கலைப்புத் திருத்தம் சுமார் 57 சதவீதத்தில் ஜெயித்தது.

வாரக் கணக்கில் ஏமாறாதீர்கள். கர்ப்பத்தின் வாரங்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு ‘ஆறு வாரம்’ என்பது மாதவிடாய் தள்ளிப்போனது தெரிந்து இரண்டு வாரம், அவ்வளவுதான். ‘கரு வெளியே பிழைக்கக்கூடிய நிலை’ என்று எழுதியிருந்தால் அதை யார் தீர்மானிப்பது என்று பாருங்கள். ஒஹாயோ வாசகம் சிகிச்சை தரும் மருத்துவரிடம் விடுகிறது, அதுவும் நோயாளிக்கு நோயாளி தனித்தனியாக.

வாக்கு எண்ணி முடித்தாலும் பழைய சட்டங்கள் தானாக அழிவதில்லை. யாராவது வழக்குப் போட வேண்டும். மிசூரியில் 2024 நவம்பரில் திருத்தம் ஜெயித்தது. டிசம்பரில் நீதிபதி தடைச் சட்டத்தை நிறுத்தினார், ஆனால் கிளினிக் உரிம விதிகளை விட்டுவைத்தார். அதனால் சேவை தொடங்க முடியவில்லை. 2025 பிப்ரவரியில் அந்த விதிகளும் நிறுத்தப்பட்ட பிறகுதான் வழி திறந்தது. மே மாதம் மாநில உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் சேவை நின்றது, ஜூலையில் மறுபடி அனுமதி. இதற்கிடையே சட்டமன்றம் அந்தத் திருத்தத்தையே நீக்கக் கேட்டு 2026 வாக்குச் சீட்டுக்கு ஒரு கேள்வியை அனுப்பிவிட்டது.

கடைசியாக, நீதிபதிகள் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். விஸ்கான்சினில் மக்கள் மனுவுக்கு வழியில்லை, ஆனால் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2023 ஏப்ரல் தேர்தலில் நீதிமன்றப் பெரும்பான்மை தாராளவாதிகள் பக்கம் மாறியது. 2025 ஜூலை 2-ல் அதே நீதிமன்றம் 1849-ன் தடைச் சட்டம் செல்லாது என்று 4–3-ல் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட மாநிலத்தில் நாட்காட்டியில் வட்டமிட வேண்டியது நீதிபதித் தேர்தல் நாளை.