புது கேமரா பாடியா, நல்ல லென்ஸா? எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேனன் 1500டி கேமரா பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) அதோடு சேர்த்தே வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸும் வைத்திருக்கிற எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். கடைக்குப் போகுமுன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருங்கள்.

படி 1. சரியாக வராத படங்களாக இருபது முப்பதை ஒரே ஃபோல்டரில் போடுங்கள். நன்றாக வந்தவை வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் வேகம் (எவ்வளவு நேரம் வெளிச்சம் விழுந்தது), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் சின்னதானால் திறப்பு பெரிது), ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்; ஏற்றினால் படத்தில் புள்ளிகள் வரும்) மூன்றையும் பாருங்கள். விண்டோஸில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் இருக்கும்.

படி 2. படத்தைக் கெடுத்தது எது என்று பாருங்கள். கல்யாண மண்டபத்தில் எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/30, ஐ.எஸ்.ஓ. 6400. மாலை மாற்றும் கைகள் கலங்கியிருக்கின்றன, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். கிட் லென்ஸ் 55 மி.மீ. முனையில் எஃப்/5.6க்கு மேல் திறக்காது. எஃப்/1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வரும். ஷட்டரை 1/125க்கு ஏற்றி, ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு இறக்கினாலும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

இதற்காகப் புது பாடி வாங்கினால்? கேனன் ஆர்50 கேமராவோடு வரும் 18-45 கிட் லென்ஸ், 45இல் எஃப்/6.3. பழையதைவிடக் குறைந்த வெளிச்சம்தான் வரும்!

50 மி.மீ. லென்ஸில் ஒன்றைக் கவனியுங்கள்: எஃப்/1.8இல் பெண் முகம் துல்லியமாக இருக்கும், பக்கத்தில் அரையடி பின்னால் நிற்கும் மாப்பிள்ளை மங்கிப்போவார். இரண்டு பேர் என்றால் எஃப்/2.8, எஃப்/4 என்று வையுங்கள்.

படி 3. 50 மி.மீ. லென்ஸை வாங்குமுன் கிட் லென்ஸை 50இல் நிறுத்தி, ஜூமைத் தொடாமல் ஒருநாள் முழுக்க எடுத்துப் பாருங்கள். 1500டியின் சின்ன சென்சாரில் (படம் பதியும் சில்லு) அது பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் 80 மி.மீ. காட்டுவது போல நெருக்கிக் காட்டும். வீட்டு ஹாலில் முதுகு சுவரில் முட்டினால் உங்களுக்கு 24 அல்லது 35 மி.மீ. லென்ஸ்தான் சரி.

படி 4. ஷட்டர் 1/1000, நல்ல வெயில், ஆனாலும் ஓடுகிற குழந்தைக்குப் பதில் பின்னாலிருக்கும் சுவரில் ஃபோகஸ் விழுந்திருக்கிறதா? முதலில் ஏஐ சர்வோ மோடுக்கு (நகரும் ஆளை ஃபோகஸ் தொடரும் அமைப்பு) மாற்றி, நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் வைத்து முயலுங்கள். அப்படியும் தவறினால் பாடியை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. 1500டியில் 9 ஃபோகஸ் புள்ளிகள்தான், நொடிக்கு 3 படம்தான். ஆர்50 கண்ணைத் தானாகப் பிடித்துத் தொடரும்.

படி 5. மவுண்ட், அதாவது லென்ஸ் பாடியில் மாட்டும் இடம். 1500டியில் மாட்டும் பழைய இஎஃப் வகை லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் ஆர்50 போன்ற ஆர் வகை பாடிகளில் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும். ஆர் வகைக்கான ஆர்எஃப் லென்ஸ் 1500டியில் மாட்டவே மாட்டாது. அதனால் இன்று வாங்கும் 50 மி.மீ. இஎஃப் நாளைக்கும் உதவும்.

பழைய லென்ஸ் வாங்கினால் அப்பர்ச்சர் திறந்த நிலையில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சென்னை மாதிரி ஈரப்பதமுள்ள ஊரில் லென்ஸுக்குள் ஃபங்கஸ் (பூஞ்சை) சகஜம். உள்ளே சிலந்தி வலை போல ஏதாவது தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.