மரப்பரணில் அம்பும் சாமான்களும்: முதல் முறை ஏறுபவர்களுக்கு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அக்டோபர் 1-ஆம் தேதி மானுக்கான வில் வேட்டைப் பருவம் தொடங்கும்; அதன் முதல் கட்டம் நவம்பர் 14 வரை ஓடும். 15-ஆம் தேதி துப்பாக்கிக்காரர்கள் காட்டுக்குள் வந்துவிடுவார்கள். புதிதாக வில் எடுக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த வில் வாங்கலாம் என்பதைத்தான். அதைக் கடைக்காரரே நன்றாகச் சொல்லிவிடுவார். இருட்டில், கையுறை போட்ட கையோடு, 20 அடி உயரத்தில் எந்தச் சாமானை எங்கே வைப்பது என்பதைச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

மரத்தில் கட்டும் அந்தச் சின்ன இருக்கைக்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: பரண். தினைப்புனத்தில் கிளி விரட்டக் கட்டியதும் அதுதான். ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே சொல்வதெல்லாம் உரிமம் வாங்கி வெள்ளைவால் மானை வேட்டையாட அனுமதி உள்ள இடங்களுக்கு மட்டும்.

1. முதல் நாள் இரவு, வீட்டில்

கார்பன் அம்பு ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்து, காதருகே வைத்து லேசாக வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் திருப்பி, மறுபடியும் வளையுங்கள். நொறுங்குவது போல மெல்லிய சத்தம் கேட்டால் அந்த அம்பை ஒடித்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட அம்பு நாணை விடும்போது சிதறி, வில் பிடித்த கையிலேயே ஏறிவிடும்.

வேட்டை முனைகளையும் வீட்டிலேயே, அதற்கென்று விற்கும் சாவியால்தான் திருகிப் பொருத்த வேண்டும். விரலால் திருக வேண்டாம். அதன் பிளேடு சவரக் கத்தியைப் போன்றது. முனைகள் முழுதாக மறையும்படி மூடி உள்ள அம்பறாத்தூணியையே வாங்குங்கள். மூடி இல்லாதது விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

2. ஏறும்போது கை காலியாக இருக்கட்டும்

விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் முழு உடல் வாரை, அதாவது ஹார்னஸைத் தரையிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். பரணுக்குப் போன பிறகு மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். விழுபவர்களில் பலர் ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் அந்த ஒரு நொடியிலும்தான் விழுகிறார்கள். மேலிருந்து தரை வரை தொங்கும் பாதுகாப்புக் கயிற்றில், எடை விழுந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும் ப்ரூசிக் முடிச்சு இருக்கும். ஹார்னஸை அதில் கொக்கி போட்டு, முடிச்சைத் தள்ளிக்கொண்டே ஏறுங்கள்.

வில், பை, அம்பு எதுவும் தோளிலோ முதுகிலோ இருக்கக் கூடாது. எல்லாம் மரத்தடியிலேயே இருக்கட்டும்.

3. கயிறு

வில்லையும் பையையும் மேலே இழுக்கத் தனியாக ஒரு கயிறு வேண்டும். பரணின் உயரத்தைவிட நாலைந்து அடி நீளமாக இருந்தால் போதும். ஏணி இருக்கும் பக்கத்துக்கு மறுபக்கமாக அதைத் தொங்கவிடுங்கள். தவறி விழ நேர்ந்தால்கூட கீழே இருக்கும் வில்லின் மேலோ அம்புகளின் மேலோ விழக் கூடாது. வில்லைக் கட்டும்போது நாணில் அம்பு இருக்கவே கூடாது. தூணியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

மேலே போய் உட்கார்ந்து, ஹார்னஸை மரத்தைச் சுற்றிக் கட்டிய பட்டைவாரில் மாட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் கயிற்றைத் தொட வேண்டும். முதலில் வில், அப்புறம் பை. அவசரப்படாமல் இழுங்கள். வில் பரணில் ஒரு தடவை இடித்தாலும் அந்த உலோகச் சத்தம் காடு முழுக்கக் கேட்கும்.

இழுத்து முடித்ததும் கயிற்றை முழுதாகச் சுருட்டி மேலே வைத்துக்கொள்ளுங்கள். என் இரண்டாவது பருவத்தில் நான் அதைச் செய்யவில்லை. கயிற்றின் நுனி தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. விடிந்து அரைமணி நேரத்தில் ஒரு பெண்மான் நேராக என் மரத்தடிக்கே வந்தது. கழுத்தை நீட்டிக் கயிற்றை முகர்ந்தது. அப்படியே உறைந்து நின்று, முன்னங்காலால் தரையை ஓங்கித் தட்டியது, மறுபடியும் தட்டியது. என் கை வாடை அதில் இருந்திருக்கிறது. வாலைத் தூக்கிக்கொண்டு அது ஓடிய திசையில் அன்று முழுக்க வேறு எதுவும் வரவில்லை.

4. மேலே எது எங்கே

நான் வலக்கைக்காரன். இடக்கையில் வில் பிடிப்பதால், வில் மாட்டும் கொக்கி எனக்கு இடப்பக்கம், உட்கார்ந்தபடியே பிடியைத் தொடும் உயரத்தில் இருக்கும். தூணி வலப்பக்கம், இறகுகள் கைக்கு எட்டும்படி. தூரம் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் நெஞ்சில் ஒரு நாடாவில். நாணை இழுத்து விடும் ரிலீஸ் ஏறும் முன்பே மணிக்கட்டில். இடக்கைக்காரர்கள் பக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு முறை முடிவு செய்த இடத்தை மட்டும் பருவம் முழுக்க மாற்றாதீர்கள். மான் வரும்போது கண் மானின் மேல்தான் இருக்கும், அதனால் கை தானாகவே இடம் தெரிந்து போக வேண்டும்.

மரப்பட்டையைத் துளைக்கும் திருகுக் கொக்கிகள் கடையில் கிடைக்கும். மிச்சிகன் பொதுநிலங்களில் மரத்தில் ஏறுவதற்குத் துளைக்கும் சாமான்களைப் பயன்படுத்தத் தடை உண்டு. அதனால் பரண், ஏணி, கொக்கி எல்லாமே பட்டைவாரால் கட்டுவதாக வாங்கிவிட்டால் குழப்பமே இல்லை.

5. அம்பு தொடுத்தல்

சட்டப்படியான நேரம் வந்த பிறகு, அதாவது சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து, ஒரே ஒரு அம்பை எடுங்கள். முனை உடம்பை விட்டு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். முனையை நாணுக்குக் குறுக்கே கொண்டுபோகாதீர்கள். பிளேடு பட்டு நாணில் ஒரு இழை அறுந்தாலும் அந்த வில்லை அன்று இழுக்கக் கூடாது. அம்பின் வால் நாணில் உட்காரும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அது கேட்க வேண்டும். பிறகு வில்லைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்.

எய்ததும் அடுத்த அம்பைச் சத்தமில்லாமல் தொடுத்து, மான் போன திசையில் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு அப்படியே உட்காருங்கள். நன்றாகப் பட்டது என்று தோன்றினாலும் அரைமணி நேரமாவது இறங்க வேண்டாம். வயிற்றில் பட்டிருந்தால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். சீக்கிரம் துரத்தினால் காயப்பட்ட மான் வெகுதூரம் ஓடி, யாருக்கும் கிடைக்காமல் துன்பப்பட்டுச் சாகும்.

6. இறங்கும்போது

நாணிலிருக்கும் அம்பு முதலில் தூணிக்குள் போகட்டும். பையையும் வில்லையும் கயிற்றில் இறக்கிவிட்டு, ஹார்னஸைப் பாதுகாப்புக் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு இறங்குங்கள். கால் தரையில் பட்ட பிறகுதான் கொக்கியை எடுக்க வேண்டும்.

காருக்குப் போகும் முன் டார்ச் வெளிச்சத்தில் அம்புகளை எண்ணுங்கள். ஐந்தோடு ஏறியிருந்தால் ஐந்துக்கும் கணக்கு வேண்டும். எய்தது கிடைக்காவிட்டால் மறுநாள் பகலில் போய் இலைச் சருகைக் கிளறித் தேடுங்கள். அந்த முனை அங்கே கிடக்கும் வரை, அந்த வழியாக நடக்கும் ஒருவரின் காலுக்கோ ஒரு நாயின் பாதத்துக்கோ அது காத்திருக்கிறது.