குட்டியானையில் பைக்கை ஏற்றிக் கட்டுவது எப்படி?

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் இருக்கும் என் மாமா, ஓடாமல் கிடந்த தன் பழைய பைக்கை "எடுத்துக்கிட்டுப் போ மாப்ள, சரி பண்ணி ஓட்டு" என்று கொடுத்தார். ராமநாதபுரத்தில் தெரிந்த மெக்கானிக் இருந்ததால் ஒரு குட்டியானை (டாடா ஏஸ் மினி லாரி) பேசினோம். மாமாவே தன் படகில் கிடந்த நைலான் கயிற்றை எடுத்து சீட்டுக்கு மேல் குறுக்காக நாலு சுற்று சுற்றி, இழுத்து முடிச்சுப் போட்டார். சைடு ஸ்டாண்டும் போட்டாயிற்று. இனி என்ன, கிளம்ப வேண்டியதுதானே.

அது ஆடி மாதம். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாம்பன் ரோடு பாலம் 2.3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். மண்டபம் பக்கம் இறங்கி டீக்கடையில் நிறுத்திப் பார்த்தால், பைக் பக்கத் தகட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. ஒரு இண்டிகேட்டர் போச்சு, டேங்கில் ஒரு குழி. வேடிக்கை என்னவென்றால், முடிச்சு அவிழவே இல்லை. போட்டது போட்டபடி இருந்தது.

டிரைவர் அண்ணன் சிரித்தார். "நீங்க வண்டியைக் கட்டலையே தம்பி, கயித்தைப் போத்தில்ல விட்டிருக்கீங்க."

அவர் சொன்னது சரி. படகைக் கட்டும்போது அலைக்கு ஏறி இறங்க இடம் விட்டுத்தான் கட்டுவார்கள். மாமாவின் கை அந்தப் பழக்கத்தில் கட்டிய கை. பைக்குக்கு இதற்கு நேர்மாறாகக் கட்ட வேண்டும். பைக்குக்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங் இருக்கிறது. பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது கயிறு தளரும், மேலே எழும்போது வெடுக்கென்று இழுக்கும். நூறு தடவை இப்படி நடந்தால் எந்தக் கட்டும் நகர்ந்துவிடும். அதனால் கட்டும்போதே முன் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் அமுக்கிக் கட்ட வேண்டும். அப்போது ஸ்பிரிங் மேலே வரத் துடித்துக்கொண்டே இருக்கும், கயிறும் விறைப்பாகவே இருக்கும். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

என்னென்ன வேண்டும்

நாலு ராட்செட் பெல்ட், அதாவது கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பூட்டு வைத்த நாடா. ஓர் அங்குல அகலம் போதும். பெல்ட்டில் தைத்திருக்கும் சீட்டில் இரண்டு எடை போட்டிருப்பார்கள்: அறுந்து போகும் எடை ஒன்று, பாதுகாப்பாகத் தாங்கும் எடை ஒன்று. சின்னதாக இருக்கும் எண்தான் உங்களுக்கு. ஒரு ஸ்பிளெண்டர் 110 கிலோவைச் சுற்றி இருக்கும், கிளாசிக் 350 புல்லட் 195 கிலோ. அப்புறம் இரண்டு மூன்று பழைய சாக்கு, கிழிந்த சைக்கிள் டியூப் துண்டுகள், எட்டடிக்குக் குறையாத கனமான பலகை ஒன்று, கூட ஒரு ஆள். தனி ஆளாக இதைச் செய்ய வேண்டாம்.

பெல்ட் கிடைக்கவில்லை என்றால் கயிற்றிலும் கட்டலாம், கீழே சொல்கிறேன்.

ஏற்றுவதற்கு முன்

முதலில் தட்டை, அதாவது சாமான் ஏற்றும் தளத்தைப் பாருங்கள். நம் கரையோரத்தில் வாடகைக்கு வரும் குட்டியானை காலையில் மீன் பெட்டி ஏற்றிய வண்டியாகத்தான் இருக்கும். ஐஸ் தண்ணீரும் மீன் கொழுப்பும் சேர்ந்த தகட்டில் டயர் சோப்பில் வைத்த மாதிரி வழுக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, சக்கரம் நிற்கும் இடத்தில் சாக்கை விரியுங்கள். மண் ஒட்டியிருந்தாலும் கூட்டித் தள்ளுங்கள்.

நீளத்தையும் அளந்துவிடுங்கள். குட்டியானைத் தட்டு ஏழடியைச் சுற்றி இருக்கும், புல்லட்டும் ஏழடி. முட்டி மோதித்தான் நிற்கும். பின்கதவு மூடாவிட்டால் கோணலாக நிறுத்த வேண்டியிருக்கும்.

பெட்ரோல் டேங்கை நிரப்பி ஏற்ற வேண்டாம். பழைய பைக்காக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கண்ணாடிகளைக் கழற்றிவிடுங்கள்.

ஏற்றுவது

இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் முக்கால்வாசி சிரமம் குறையும். நம் ஊரில் கண்மாய்க் கரைக்குப் பஞ்சமா? கரைச் சரிவில் குட்டியானையின் பின்பக்கத்தைக் கொடுத்து நிறுத்தினால், கரைக்கும் தட்டுக்கும் இடையில் பலகை கிட்டத்தட்ட மட்டமாகவே நிற்கும். பைக்கைத் தள்ளிக்கொண்டே உள்ளே போய்விடலாம். கரையோரம் மண் இளகலாக இருந்தால் மட்டும் வேண்டாம்.

மட்டமான இடத்தில் ஏற்றுவதாக இருந்தால், பலகையின் மேல் முனையை வண்டியோடு கட்டுங்கள். பைக் பாதி ஏறும்போது பலகை பின்னால் உதைத்துக்கொண்டு விழுவதுதான் பெரும்பாலும் நடக்கும் விபத்து. ஒருவர் இடப்பக்கம் நின்று ஹேண்டிலைப் பிடிக்க, இன்னொருவர் பின்னால் ஓரமாக நின்று தள்ள வேண்டும். நேர் பின்னால் நிற்கக் கூடாது.

மூச்சு வாங்க நடுவில் நிற்க வேண்டியிருந்தால் முன் பிரேக்கை நம்பாதீர்கள். ஏற்றத்தில் எடை பின் சக்கரத்துக்குப் போய்விடும், முன் டயர் பிடித்தும் வழுக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு முதல் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி தள்ளுங்கள். நிற்க வேண்டிய இடத்தில் கிளட்சை விட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். எஞ்சினை ஓட்டிக்கொண்டே ஏற்றுவது வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும். புதிதாகச் செய்பவர்களுக்கு அது வேண்டாம்.

கட்டுவது

முன் சக்கரத்தை டிரைவர் கேபினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் நன்றாக முட்ட வையுங்கள். நடுவில் ஒரு சாக்கு. ஹேண்டில் நேராக. ஒருவர் பைக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கட்டும், ஸ்டாண்டு போடாதீர்கள்.

ஸ்டாண்டு ஏன் கூடாது? சைடு ஸ்டாண்டில் நிறுத்தி இறுக்கினால் முழு அழுத்தமும் அந்த ஒரு இரும்பில் போய் அதன் பற்றவைப்பு விரியும். டபுள் ஸ்டாண்டில் நிறுத்தினால் பிரேக் அடிக்கும்போது பைக் ஸ்டாண்டிலிருந்து முன்னால் குதித்து இறங்கும், இறங்கினால் மொத்தக் கட்டும் தளரும். பைக் தன் இரண்டு சக்கரத்தில்தான் நிற்க வேண்டும்.

முன் பெல்ட்டுகளை எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஹேண்டில் முனையில் மாட்டினால் ஹேண்டில் வளையும். ஃபோர்க்கின் (முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும், உள்ளே ஸ்பிரிங் உள்ள குழாய்கள்) மேல்பக்கம், இரண்டு ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடிக்கும் தடித்த இரும்பு இருக்கிறதே, அங்கே சுற்றுங்கள். பிரேக் ஹோஸ், கேபிள், வயர் எதுவும் பெல்ட்டுக்குள் மாட்டக் கூடாது. கொக்கியை நேராக இரும்பில் மாட்டாமல் ஒரு துணி வளையம் போட்டு அதில் மாட்டினால் பெயின்ட் தப்பிக்கும்.

பெல்ட் போகும் திசை: பந்தல் காலுக்கு இழுத்துக் கட்டும் கயிறு எப்படி விலகி இறங்கும்? அதே மாதிரி இடது பெல்ட் இடப்பக்கமாகவும் முன்னாலும், வலது பெல்ட் வலப்பக்கமாகவும் முன்னாலும், சுமார் 45 பாகை சாய்வில் கீழே இறங்க வேண்டும். குட்டியானையின் பக்கத் தகட்டுக்கு வெளியே கயிறு மாட்டும் கொக்கிகள் இருக்கும். பெல்ட் தகட்டின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் டியூப் துண்டைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள் விளிம்பு பெல்ட்டை அறுத்துவிடும்.

ராட்செட்டில் பெல்ட்டை நுழைத்ததும் உடனே கைப்பிடியை ஆட்டாதீர்கள். முதலில் தளர்வு முழுவதையும் கையால் இழுத்துவிட வேண்டும். அப்புறம் ஆட்டினால் உருளையில் இரண்டு மூன்று சுற்றுதான் விழும். அதற்கு மேல் சுற்றினால் சிக்கிக்கொண்டு அவிழ்க்க முடியாது. இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். பைக்கில் ஒருவர் உட்கார்ந்து முன்னால் அழுத்தினால் வேலை சுலபம். ஃபோர்க் மொத்தம் அமுங்கும் அளவில் பாதி அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கிக் கட்டினால் ஆயில் சீல் ஒழுக ஆரம்பிக்கும், பெரிய பள்ளத்தில் அடி நேராகச் சட்டத்துக்குப் போகும். இறுக்கி முடித்ததும் கைப்பிடியைத் தட்டையாக மடக்கிப் பூட்டுங்கள்.

இப்போது பைக்கைப் பிடித்திருப்பவர் கையை விடலாம். விழாது.

பின் பெல்ட்டுகள் பின் சக்கரம் பக்கவாட்டில் நகராமல் இருக்க மட்டும்தான். பின் ஃபுட்ரெஸ்ட் பொருத்தியிருக்கும் சட்டத்தில் மாட்டி, இரண்டு பக்கமும் வெளியேயும் கொஞ்சம் பின்னாலும் இழுத்துக் கட்டுங்கள். கைக்கு இறுக்கமாக இருந்தால் போதும். சாரி கார்டில் மட்டும் கட்டாதீர்கள். அது சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க வைத்த மெல்லிய கம்பி, பைக்கைத் தாங்காது. கடைசியாக முதல் கியரில் விட்டுவிடுங்கள்.

காற்றில் பெல்ட் படபடவென்று அடிக்கும். கட்டும்போதே ஒரே ஒரு முறுக்கு கொடுத்துவிட்டால் சத்தமும் இருக்காது, அதிர்ந்து தளரவும் செய்யாது. மிச்ச வாலை முடிந்து வையுங்கள்.

கயிற்றில் கட்டினால்

நைலான் நனைந்தால் நீளும், ஆகவே மழை நாளில் வேண்டாம். கயிற்றை ஃபோர்க்கில் கட்டி, நடுவில் ஒரு கண்ணி போடுங்கள். முனையைத் தட்டின் கொக்கியில் விட்டு மேலே கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் நுழைத்துக் கீழே இழுத்தால், கப்பி போட்ட மாதிரி சுலபமாக இறுகும். கண்ணியைக் கட்டைவிரலால் நெரித்துப் பிடித்தபடியே இரண்டு அரை முடிச்சு. லாரி ஏற்றும் ஆட்கள் அன்றாடம் போடும் கட்டு இதுதான், ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள்.

டிரெய்லராக இருந்தால்

கட்டும் முறை இதேதான். கூடுதலாக ஒன்று: பைக்கின் எடை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். எடை பின்னால் போனால் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். கொக்கியின் பின்னையும் சங்கிலியையும் நீங்களே கையால் இழுத்துப் பாருங்கள்.

வழியில்

கிளம்பி நாலைந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி ஒவ்வொரு பெல்ட்டையும் தட்டிப் பாருங்கள், முதல் தளர்வு அங்கேதான் தெரியும். தீவிலிருந்து வருபவர்கள் இதைப் பாலம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பைக்கின் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல் கையில் இருக்கட்டும்.

இறக்கும்போது ஒருவர் பைக்கைப் பிடித்த பிறகே பெல்ட்டைத் தொட வேண்டும். பின்பக்கம் முதலில், முன்பக்கம் கடைசியில். ராட்செட்டின் தாழை இழுத்துக் கைப்பிடியை முழுக்க விரித்தால்தான் அது விடும், விட்ட நொடியில் ஃபோர்க் மேலே ஒரு குதி குதிக்கும். முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பைக்கையும் பெல்ட்டையும் நல்ல தண்ணீரில் அலசி, ராட்செட்டின் பல்லில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நான் முதலில் வாங்கிய ராட்செட்டுகளைக் கழுவாமல் சாக்கில் போட்டு வைத்தேன். உப்புக் காற்றில் மூன்றே மாதத்தில் இரண்டு துருப்பிடித்து இறுகிவிட்டன, சுத்தியலால் தட்டியும் திறக்கவில்லை.