கோயிலுக்கு வரும் பிற சமயத்தாரின் கேள்விகளுக்கு விடை சொல்வது எப்படி

வெளிநாட்டில் உள்ள ஒரு தமிழ்க் கோயிலுக்கு வருகை தரும் பள்ளி மாணவர்களையும் பிற சமய விருந்தினரையும் அழைத்துச் சென்று விளக்கும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். "கல்லையா கும்பிடுகிறீர்கள்?", "இத்தனை கடவுள்களா?", "மாட்டை வணங்குவது ஏன்?" என்ற கேள்விகள் எழாமல் ஒரு வருகையும் முடிந்ததில்லை. இவை புதியவையும் அல்ல. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியக் கிறித்தவ சமயப் பணியாளர் சீகன்பால்கும் அவருடைய உடன்பணியாளர் கிரண்ட்லரும் தமிழ் இந்துக்களிடம் இத்தகைய கேள்விகளை எழுதிக் கேட்டு, 1712 முதல் 1714 வரை கிடைத்த விடைக் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். ஆனால் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு 1713-இல் எழுதி முடித்த நூல் அங்கே அச்சேறாமல் கிடந்து, 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. அறிய விரும்பிய ஒருவர் எழுதியதே வெளிச்சத்துக்கு வர நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின என்றால், நம் வாசலுக்கே வந்து கேட்பவருக்கு நேரில் விடை சொல்லும் வாய்ப்பை நாம் வீணாக்கக் கூடாது.

கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள். உருவ வழிபாட்டை மறுக்கும் சமயங்களில் வளர்ந்தவருக்கு விக்கிரகம் என்ற சொல்லே பாவத்தோடு சேர்ந்து கற்பிக்கப்பட்டிருக்கும். அவர் முகம் சுளிப்பதை உடனே இழிவுபடுத்தலாகக் கொள்ள வேண்டாம். தத்துவ விளக்கத்தில் தொடங்குவதைவிட, நாம் செய்வதைக் காட்டுவது நல்லது. விநாயகர் சதுர்த்தியன்று களிமண்ணில் பிள்ளையார் செய்து, அதில் இறைவனை எழுந்தருளச் செய்து வழிபட்டு, பிறகு அந்த மண்ணை நீரிலேயே கரைத்து விடுகிறோம். கோயிலில் திருப்பணி தொடங்கும்முன் பாலாலயம் செய்து, இறையாற்றலைக் கும்பத்திலோ அத்திப்பலகையில் வரைந்த உருவிலோ நிறுத்தி, குடமுழுக்கு வரை அதற்கே பூசை செய்கிறோம். கல் மட்டுமே கடவுள் என்று நாம் கருதியிருந்தால் இந்தச் சடங்குகளுக்கு இடமே இருந்திருக்காது. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது தங்க வில்வ மாலை தொங்கும் வெற்றிடம் என்று சொல்லும்போது, பெரும்பாலான விருந்தினர் அமைதியாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே சமயம், "இது வெறும் குறியீடுதான்" என்று சொல்லித் தப்பிக்கவும் வேண்டாம். நீராட்டி, உடுத்தி, அமுது படைத்து, இரவில் பள்ளியறைக்கு அனுப்பும் அன்பு வெறும் குறியீட்டின்மேல் வைக்கும் அன்பு அன்று.

எண்ணிக்கை பற்றிய கேள்விக்குப் பிருகதாரண்யக உபநிடதத்தின் உரையாடல் ஒன்று போதும். தேவர்கள் எத்தனை பேர் என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும்போது, மூவாயிரத்துக்கு மேல் என்று தொடங்கும் முனிவர் யாக்ஞவல்கியர் 33, 6, 3, 2, ஒன்றரை என்று குறைத்து, ஒன்றில் வந்து நிறுத்துகிறார். எனினும் எல்லா இந்துக்களும் இப்படித்தான் நம்புகிறார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். சைவரும் வைணவரும் குலதெய்வத்தை மட்டுமே கும்பிடுபவரும் தத்தம் வழியில் விடை சொல்வார்கள். உணவிலும் இப்படியே. இந்துக்கள் அனைவரும் மரக்கறி உண்பவர்கள் என்பது பரவலான எண்ணம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தாம் மரக்கறி மட்டுமே உண்பதாகச் சொன்ன இந்தியாவின் இந்துக்கள் 44 விழுக்காட்டினரே.

சாதியைப் பற்றிக் கேட்டால் மழுப்பக் கூடாது. அது வெள்ளையர் புனைவு என்றோ, எல்லாச் சமயத்திலும் உள்ளதுதான் என்றோ சொல்லும்போது, அதுவரை நாம் சொன்ன உண்மைகளும் நம்பகம் இழக்கின்றன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் 1939-இல்தான் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைய முடிந்தது என்பதையும், அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பிறகும் கொடுமை முற்றிலும் நீங்கவில்லை என்பதையும் நாமே சொல்ல வேண்டும்.

சுவஸ்திகத்தில் கூடுதல் கவனம் தேவை. புதுமனை வாசலில் அதை வரைவதற்கு முன்பே அண்டை வீட்டாரிடம், குறிப்பாக யூதர்களிடம், நேரில் சென்று பேசுங்கள். அறுபது லட்சம் யூதர் கொல்லப்பட்ட நினைவோடு வாழ்பவருக்கு அந்த வடிவம் தரும் அச்சம் உண்மையானது. நாஜிகள் தம் சின்னத்தைக் கொக்கிச் சிலுவை என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லால் அழைத்ததையும் எடுத்துச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022-இல் நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதைத் தடை செய்தபோது, இந்து, பௌத்த, சமண வழிபாட்டுப் பயன்பாட்டுக்கு விலக்கு அளித்தது. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கேட்டறிந்து வையுங்கள்.

அறியாமையால் வரும் கேள்விக்குப் பொறுமை போதும். வெறுப்புக்கு அது போதாது. 1987-இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில், பொட்டை இழிக்கும் பெயரை வைத்துக்கொண்ட ஒரு கும்பல், இந்தியர்களை விரட்டுவோம் என்று செய்தித்தாளுக்கே கடிதம் எழுதியது. அவ்வாண்டு அருகிலுள்ள ஹோபோக்கனில் தாக்கப்பட்டு இறந்த இந்தியர் ஒரு பார்சி, இந்து அல்லர். பள்ளியிலோ பணியிடத்திலோ பொட்டையோ திருநீற்றையோ சுட்டி யாரேனும் இழித்துப் பேசினால், நாள், இடம், சொன்ன சொற்கள், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே குறித்துவைத்து, எழுத்தில் முறையிட்டு, விடையையும் எழுத்திலேயே கேட்டுப் பெறுங்கள்.