29 மான்களும் ஓர் எக்செல் தாளும்: விலங்குத் தொகைக்கு மாதிரி போட்டுப் பார்ப்போமா?

விலங்குத் தொகை மாதிரி (ஓரிடத்தில் விலங்குகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறும் என்று காட்டும் கணக்கு) என்றதும் நுண்கணிதம் தெரிய வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும், மற்றதை எக்செல் பார்த்துக்கொள்ளும். நாம் எடுத்துக்கொள்ளப்போவது அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவு. 1944-இல் அங்கிருந்த வீரர்களுக்கு அவசர உணவாக இருக்கட்டும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 29 துருவ மான்களைக் கொண்டுபோய் விட்டது. போர் முடிந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. வேட்டையாட ஓநாயும் இல்லை. டேவிட் கிளைன் என்ற உயிரியலாளர் 1957-இல் கணக்கெடுத்தபோது 1,350 மான்கள். 1963-இல் 6,000.

படி 1: ஆண்டுப் பெருக்கம். 1350-ஐ 29-ஆல் வகுத்தால் 46.55. இது 13 ஆண்டு வளர்ச்சி என்பதால், 13-ஆம் படிமூலம் எடுங்கள், அதாவது 13 முறை பெருக்கினால் 46.55 தரும் எண் (எக்செலில் =46.55^(1/13)): 1.344. ஆண்டுக்கு 34 சதவீதம்! அடுத்த 6 ஆண்டுக்கு இதேபோல் செய்தால் 1.282.

படி 2: முதல் நெடுவரிசையில் ஆண்டு, இரண்டாவதில் மான்கள். 29-இல் தொடங்கி, 1957 வரை முந்தைய வரியை 1.344-ஆலும் அதன்பின் 1.282-ஆலும் பெருக்கி இழுத்துவிடுங்கள். 1963-இல் ஏறத்தாழ 6,000 வரும்.

வேகம் குறைகிறதே, லாஜிஸ்டிக் வளைவு (முதலில் வேகமாக ஏறி, பிறகு மெல்ல மட்டமாகும் வளைவு) போட்டால் ஒரு தாங்குதிறனில், அதாவது தீவு தாங்கக்கூடிய அதிகபட்ச எண்ணிக்கையில், போய்ச் சமநிலையாகிவிடும் என்று தோன்றும். பலரும் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் 1963–64 குளிர்காலத்தில் மந்தை சரிந்தது. 1966-இல் கிளைன் கண்டது 42 மான்கள்.

படி 3: இதுதான் முக்கியம். ஒரு மான் ஓராண்டு மேய்வதை ஒரு 'மான்-ஆண்டு' என்போம். 1944 முதல் 1960 வரை இரண்டாம் நெடுவரிசையைக் கூட்டுங்கள்: சுமார் 12,000. 1961 முதல் 1963 வரை மட்டும் தனியே கூட்டுங்கள்: 14,000-க்கு மேல்! 17 ஆண்டுகளில் மேய்ந்ததைவிட கடைசி மூன்றே ஆண்டுகளில் அதிகம். மான்களின் குளிர்கால உணவான லைக்கன் (பாறையிலும் தரையிலும் படரும், பூஞ்சையும் பாசியும் சேர்ந்த உயிரி) மிக மெதுவாக வளர்வது. மேய்ந்த இடம் மீள ஆண்டுகள் பல ஆகும். தாங்குதிறனை மாறிலியாக வைத்தால் இது கண்ணில் படாது. ஆகவே லைக்கன் இருப்புக்கு மூன்றாவது நெடுவரிசை போட்டு, ஆண்டுதோறும் மேய்ந்ததைக் கழியுங்கள். இருப்பு குறையக் குறையப் பெருக்க எண்ணும் குறையட்டும். கடும் பனி பெய்த ஆண்டுக்கு இன்னும் குறையுங்கள்.

படி 4: ஆண், பெண் எனப் பிரியுங்கள். எஞ்சிய 42-ஐ மறுபடி 1.344-ஆல் பெருக்கினால் மந்தை மீண்டுவிடும் என்றுதான் தாள் சொல்லும். ஆனால் அந்த 42-இல் 41 பெண்கள்; இருந்த ஒரே ஆணும் இனப்பெருக்கத்துக்கு உதவாத நிலையில் இருந்தது. 1980-களுக்குள் தீவில் ஒரு மான்கூட மிஞ்சவில்லை.